முன்பணம் வாங்கும் முன் திருப்பித் தருவதை முடிவு செய்யுங்கள்

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் மூன்று வருஷமாகப் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். இரண்டு நாற்காலி, உதவிக்கு ஒரு பெண். கடை வாடகை 7,000 ரூபாய், அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் 9,000. போனில் நேரம் கேட்டு வாங்கிவிட்டு வராமல் போகிறவர்கள் வாரத்துக்கு மூன்று பேராவது இருக்கிறார்கள். திரும்பக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. போன ஆவணியில் ஒரு கல்யாணப் பெண்ணுக்காக அதே முகூர்த்தத்தில் வந்த இன்னொரு ஆர்டரை விட்டுவிட்டேன். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு, "மாப்பிள்ளை வீட்டுல திண்டுக்கல்லேருந்து ஆள் கூட்டிட்டு வர்றாங்களாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். இனிமேல் எல்லாரிடமும் முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிடலாமா? "எக்காரணம் கொண்டும் முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று போர்டு வைக்கலாமா? காசு கேட்டால் இருக்கிறவர்களும் அடுத்த தெருப் பார்லருக்குப் போய்விடுவார்கள் என்கிறார் வீட்டுக்காரர். தை மாசத்துக்கு ஆறு கல்யாணம் வாய்வார்த்தையாகப் பேசி வைத்திருக்கிறேன். அவர்களிடம் இப்போது கேட்டால் தப்பாகுமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அந்த ராத்திரி எட்டு மணி போன் எனக்கும் வந்திருக்கிறது. பிரஷ்களைக் கழுவிக் காயவைத்து, சேலைக்கு ப்ளீட் எடுத்து கிளிப் போட்டு, காலை மூன்றரைக்கு அலாரம் வைத்த பிறகு வரும். திருச்சியில் 22 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் இருக்கும்போது போர்டு எழுதக் கொடுக்காதீர்கள்.

முன்பணம் கட்டாயம் வாங்குங்கள். எல்லாரிடமும் வேண்டாம், முழுப் பணமாக வேண்டாம், "எக்காரணம் கொண்டும்" என்ற வார்த்தையும் வேண்டாம். எவ்வளவு வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்தச் சூழ்நிலையில் எவ்வளவைத் திருப்பிக் கொடுப்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி முடித்துவிடுங்கள். அதை எழுதிவிட்டால் எவ்வளவு வாங்கலாம் என்பது தானாகத் தெரியும். இந்த வரிசையை மாற்றிச் செய்து நான் பட்டதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கடைக் கணக்கு. வாடகையும் சம்பளமும் சேர்ந்து 16,000. மாதம் 26 நாள் திறக்கிறீர்கள் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 615 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 77 ரூபாய். யாரும் வராமல் கடை சும்மா இருந்தாலும் இது போய்க்கொண்டே இருக்கும். இனி ஒரு ஸ்மூத்தனிங்கை, அதாவது முடியை நேராக்கி மிருதுவாக்கும் வேலையை, எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேர வேலை. நீங்கள் 4,000 வாங்குகிறீர்கள், கிரீமுக்கும் மற்ற சாமானுக்கும் 1,300 ஆகிறது என்று வையுங்கள். அந்தப் பெண் வரவில்லை என்றால் கிரீம் டப்பா அப்படியே இருக்கிறது, அது நஷ்டமில்லை. கைக்கு வராமல் போனது 2,700; அந்த மணிக்கு 77 ரூபாய்ச் செலவும் இதிலிருந்துதான் போக வேண்டும். அதிலும் ஒரு பகுதியை, நடுவில் த்ரெடிங்குக்கும் ஹேர்கட்டுக்கும் ஃபேஷியலுக்கும் வந்து போகிறவர்கள் ஈடுகட்டிவிடுவார்கள். கடைசியில் உண்மையான நஷ்டம் ஆயிரத்தைச் சுற்றியோ, கூட்டமில்லாத நாளில் ஆயிரத்து ஐநூறைச் சுற்றியோ நிற்கும். அப்படியானால் ஸ்மூத்தனிங்குக்கு 1,000 ரூபாய் முன்பணம் நியாயமான தொகை. 4,000 முழுவதையும் வாங்கி வைத்துக்கொள்வது நியாயமில்லை. இதே கணக்கை ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

த்ரெடிங், ஹேர்கட், சாதாரண ஃபேஷியல் இவற்றுக்கு முன்பணம் கேட்கவே கேட்காதீர்கள். 50 ரூபாய் வேலைக்கு 20 ரூபாய் முன்பணம் கேட்டால் வீட்டுக்காரர் சொன்னது அப்படியே நடக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும் வேலைக்கும், அந்த ஒருவருக்காக நீங்கள் பொருள் வாங்கி வைக்க வேண்டிய வேலைக்கும், மண்டபத்துக்கோ வீட்டுக்கோ நேரில் போக வேண்டிய வேலைக்கும் கேளுங்கள். கடை திறந்ததிலிருந்து வருகிற பழைய ஆட்களிடம் எதற்கும் கேட்காதீர்கள். அவர்களே இரண்டு முறை சொல்லாமல் வராமல் போனால், மூன்றாவது முறை முகம் மாறாமல், "இந்தத் தடவை ஒரு ஐநூறு போட்டு விட்டுடுங்கம்மா, நேரத்தை உங்களுக்குன்னு வச்சிடறேன்" என்று சொன்னால் போதும். அவர்களுக்கே காரணம் தெரியும்.

அதற்கு முன்னால் இன்னொன்று செய்யுங்கள். செலவில்லாதது, உங்கள் வாராந்தர மூன்று பேரில் ஒருவரையாவது இரண்டு பேரையாவது இது குறைத்துவிடும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். வராமல் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் உங்களை ஏமாற்ற நினைப்பவர்கள் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்திருக்கும், ஊரிலிருந்து நாத்தனார் வந்திருப்பார், மாதவிலக்கு தேதி மாறி வந்திருக்கும், கையில் காசு இருக்காது. உங்களைக் கூப்பிட்டு "வரலை" என்று சொல்லக் கூச்சம். கூச்சத்தில் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் போனையே எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை உங்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டே வேறு பார்லருக்குப் போகிறார்கள். ஆகவே வரவில்லை என்று சொல்வதை அவர்களுக்குச் சுலபமாக்குங்கள். முந்தின நாள் காலையில் வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று அனுப்புங்கள்:

"வணக்கம்மா. நாளைக்கு 11 மணிக்கு உங்களுக்கு நேரம் வச்சிருக்கேன். வர்றீங்கன்னா 'சரி'ன்னு ஒரு வார்த்தை போடுங்க. வேற நாள் வேணும்னா 'மாத்து'ன்னு போடுங்க, தப்பே இல்ல, நானே நல்ல நேரமா பார்த்துச் சொல்றேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "தப்பே இல்ல" என்று நாம் எழுதினால்தான் அவர்களுக்குக் கை வரும். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் இந்த வாசகத்தை ஒரு முறை சேமித்து வைத்துவிட்டால் தினமும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. மதியம் வரைக்கும் பதில் வராதவர்களுக்கு மட்டும் போன் போடுங்கள். உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் இந்த வேலையைக் கொடுத்தால் நன்றாகவே செய்வார்.

முன்பணமும் உண்மையில் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்தவர், வர முடியவில்லை என்றால் சங்கடத்தை விட்டுவிட்டு முதல் நாளே போன் செய்வார். அவர் முதல் நாளே சொன்னால் அந்த நேரத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்களுக்கு வேண்டியது அந்த முன்னறிவிப்பு. இதனால்தான் திருப்பித் தரும் விதியை முதலில் எழுதச் சொல்கிறேன். முன்கூட்டிச் சொன்னாலும் பணம் திரும்ப வராது என்று வைத்தால், அவர் எதற்காகப் போன் செய்யப் போகிறார்?

என் கடையில் இருக்கும் விதியைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு முழு நாள் முன்னால் சொன்னால் பணம் அப்படியே திரும்பப் போகும், அல்லது அடுத்த தேதிக்கு மாறும், எது என்று அவர்களே சொல்லலாம். அதற்குப் பிறகு சொன்னால் பாதி. சொல்லாமலே வராவிட்டால் திரும்பக் கிடையாது. நான் வேலை செய்ய முடியாமல் போனால், காரணம் எதுவாக இருந்தாலும், முழுப் பணமும் அன்றைக்கே திரும்பப் போகும். வீட்டில் சாவு, ஆஸ்பத்திரி என்றால் கேள்வியே இல்லை, முழுப் பணமும். ஆதாரம் கேட்க மாட்டேன்.

இந்தக் கடைசி விதி பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு 3,000 வாங்கியிருந்தேன். நாலு நாளைக்கு முன்னால் பெண்ணின் பாட்டி இறந்துவிட, கல்யாணம் தள்ளிப்போனது. பெண்ணின் அம்மா பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேரில் வந்தார். நான் கொடுத்த துண்டுச்சீட்டை சுருக்குப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். நான் அன்றைக்கு வேறு ஆர்டர் எடுக்கவில்லை, எனக்கும் நஷ்டம், அதனால் தர முடியாது என்று சொன்னேன். சொன்னது பொய்யில்லை. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டை நாலாக மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்தத் தெருவிலிருந்து அதன் பிறகு ஒரு பெண்கூட என் கடைக்கு வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து நானே அவர்கள் வீட்டுக்குப் பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார், காபியும் கொடுத்தார், ஆனால் தள்ளிப்போன கல்யாணம் அதற்குள் வேறு ஒருவர் அலங்காரத்தில் நடந்து முடிந்திருந்தது. இன்றைக்கும் அந்தச் சீட்டை மடித்த கை என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் போர்டைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, ஒருவர் சொன்ன வாக்கைத் தவறினால் மற்றவருக்கு நியாயமான இழப்பீடுதான் உண்டு என்கிறது. தாளில் எழுதியிருக்கும் தொகை அதற்கு மேல்வரம்பு. எழுதியிருக்கிறது என்பதற்காகவே அது முழுவதும் நமக்கு வந்துவிடாது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேராகப் பேசுகிறது. அளவுக்கு மீறிய முன்வைப்புத் தொகை கேட்பதும், நடந்த நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் போடுவதும் அதன்படி நியாயமற்ற ஒப்பந்தம். வாடிக்கையாளர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் புகார் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்துக்கு மனுக் கட்டணமே கிடையாது. "எக்காரணம் கொண்டும்" என்ற போர்டு அங்கே உங்களைக் காப்பாற்றாது. மேலே போட்ட மணிக்கணக்கும், வாங்கும்போதே விதியைச் சொன்னதற்கான வாட்ஸ்அப் செய்தியும்தான் கைகொடுக்கும். அதனால் அந்தக் கணக்குத் தாளைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள்.

இனி கல்யாணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பெரிய காயம் அதில்தான்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காமல் தேதி கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். சமையல்காரருக்கு வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் சாமான் பட்டியலே எழுதுகிறார்கள். மேளக்காரருக்கும் அச்சாரம் உண்டு. நம் கல்யாண வழக்கத்தில் முன்பணம் புதிதே இல்லை. அலங்காரத்துக்கு வருகிறவர்கள்தான் வாய்திறந்து கேட்காமல் விட்டுவிட்டோம். நீங்கள் கேட்கும்போது இழுத்து இழுத்து, "அட்வான்ஸ் மாதிரி ஏதாச்சும்..." என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் பேரம் பேசத்தான் பார்ப்பார். மண்டபத்து மேனேஜர் சொல்கிற மாதிரி சொல்லுங்கள்: "முகூர்த்தத்துக்கு நான் ஒரு பொண்ணுதான் எடுப்பேன்மா. 3,000 அட்வான்ஸ் கொடுத்தீங்கன்னா தேதியை உங்க பேர்ல எழுதிடறேன்." முதல் வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். வருகிறவர் வராமல் போனால் என்ன செய்வது என்று ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு பெண்களை ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் வந்துவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாண நாளைக் கெடுத்த பழி ஆயுசுக்கும் போகாது. அதைச் செய்யாதீர்கள்.

கல்யாணப் பணத்தை மூன்றாகப் பிரித்து வாங்குங்கள். மொத்தம் 12,000 என்றால், தேதி எழுதும்போது 3,000. ட்ரயல் பார்க்கும் நாளில், அதாவது கல்யாணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், இன்னொரு 4,000. ட்ரயலை வெறும் அலங்காரச் சோதனை என்று நினைக்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டில் வேறு ஆள் பார்க்கும் பேச்சு இருந்தால் அன்றைக்குத் தெரிந்துவிடும். பெண்ணிடமும் அம்மாவிடமும், "ரிசப்ஷனுக்கு அவங்க சைடுல யாரையாச்சும் சொல்லியிருக்காங்களா?" என்று நேராகவே கேளுங்கள். உங்களிடம் ஆவணியில் நடந்தது அந்தப் பெண் வீட்டுக்காரர்களுக்கே கடைசி நேரத்தில் தெரிந்திருக்கலாம். சம்பந்தி வீட்டில் ஒன்று சொன்னால் அவர்களால் மறுக்க முடியாது. முன்பே கேட்டிருந்தால் ரிசப்ஷன் அவர்களுக்கு, முகூர்த்தம் உங்களுக்கு என்று பிரித்துக்கொண்டிருக்க முடியும். எனக்கு அப்படிப் பல கல்யாணம் நடந்திருக்கிறது.

மீதி 5,000 முதல் நாள் சாயங்காலத்துக்குள் வந்துவிட வேண்டும். காலை நாலரை மணிக்கு மணமகள் அறையில் பணம் கேட்டால் கிடைக்காது. பணப்பை பெண்ணின் மாமாவிடம் இருக்கும், மாமா கீழே பால்காரரோடு பேசிக்கொண்டிருப்பார், அம்மா பூ ஜடை வரவில்லை என்று பதறிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நாம் காசைப் பற்றிப் பேசுவது நமக்கும் அழகில்லை. இதை முதல் சந்திப்பிலேயே காரணத்தோடு சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னறிவிப்பு போதாது. முகூர்த்த நாளை இரண்டு நாளில் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. ஒரு மாதத்துக்கு முன்னால் சொன்னால் முழுப் பணமும் திரும்ப, அதற்குப் பிறகு சொன்னால் முதல் 3,000 மட்டும் எனக்கு, மற்றது திரும்ப என்பது என் விதி. அந்தத் தேதிக்கு வேறு ஆர்டர் கிடைத்துவிட்டால் அந்த 3,000-ஐயும் கொடுத்துவிடுகிறேன். எனக்கு நஷ்டம் இல்லாதபோது வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. கல்யாணம் தள்ளிப்போனால் பணம் புதுத் தேதிக்கு நகரும்.

பணத்தைக் கையாள்வதில் சில எச்சரிக்கைகள். யுபிஐயில் வாங்குங்கள்; தொகை சிறியதாக இருந்தாலும் உங்களுக்குக் கட்டணம் பிடிப்பதில்லை, திருப்பி அனுப்பியதற்கும் தடயம் இருக்கும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழக்கமில்லாத ஒருவர் பெரிய கல்யாண ஆர்டர் என்று சொல்லி, "3,000 அனுப்பச் சொன்னீங்க, தவறிப்போய் 30,000 போயிடுச்சு, மீதியை உடனே திருப்பி விடுங்க" என்று அவசரப்படுத்தினால் அது மோசடி. பணம் வந்ததாகக் காட்டும் எஸ்எம்எஸ்ஸையே போலியாக அனுப்புகிறார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை என்பதை உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கும் சொல்லி வையுங்கள்.

வேலை முடியும் வரை முன்பணம் உங்கள் பணம் இல்லை. மார்கழியில் கடை காற்று வாங்கும். அதே மாதத்தில்தான் தை முகூர்த்தத்துக்கு முன்பணம் வரிசையாக வரும். அதை எடுத்து வாடகை கட்டிவிட்டு, தையில் ஒரு கல்யாணம் தள்ளிப்போய்த் திருப்பிக் கேட்டால் முழிக்க வேண்டியதுதான். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து அதில் போட்டு வையுங்கள். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. தாண்டினால், சேவைத் தொழிலில் முன்பணம் கைக்கு வந்த அன்றே அதற்கு வரி பொறுப்பு வந்துவிடும், ரசீது வவுச்சரும் கொடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, ஆனால் வாங்கிய சாமானுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்தக் கட்டம் வரும்போது ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

வராதவரின் முன்பணம் உங்களிடம் நின்றுவிட்டால் அதில் ஒரு பங்கை உதவிக்கு இருக்கும் பெண்ணுக்குக் கொடுங்கள். அவரும்தான் வேக்ஸ் ஹீட்டரைப் போட்டுவிட்டு, டவலை மடித்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிலர் போவார்கள். நானும் ஆரம்பத்தில் சிலரை இழந்தேன். நாலு மணி நேரத்தை ஒதுக்கச் சொல்லிவிட்டு 1,000 ரூபாய்கூட முன்னால் தர மனமில்லாதவர் போனால், அந்த இடம் வேறு ஒருவருக்குக் கிடைக்கிறது. வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: புது விதி தொடங்கும் நாளிலிருந்து இரண்டு மாதம், நோட்டில் வராதவர்கள் பெயருக்கு எதிரே ஒரு கோடு, முன்பணம் கேட்டதால் வேண்டாம் என்று போனவர்களுக்கு ஒரு வட்டம். அது முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். வட்டம் அதிகமாக இருந்தால் தொகையைக் குறையுங்கள்.

தை மாதத்து ஆறு பேரைப் பற்றி. பேசும்போது முன்பணம் என்ற சொல்லே வரவில்லை என்பதால், இப்போது "கொடுத்தால்தான் வருவேன்" என்று சொல்வது வாக்கு மாறுவதாகும். ஆறு பேருக்கும் போன் போட்டு, கல்யாண வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்துவிட்டு, ட்ரயலுக்கு ஒரு நாள் கேளுங்கள். ட்ரயல் அன்று, சாமான் வாங்க வேண்டியிருக்கிறது, 3,000 கொடுத்தால் உதவியாக இருக்கும், மொத்தத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். கொடுக்க முடியாதவர்களுக்கும் சொன்னபடி போய் வேலை செய்துவிட்டு வாருங்கள். ட்ரயலுக்கே நாள் சொல்லாமல் இழுப்பவர் யார் என்று கவனியுங்கள்; அவரிடம் மட்டும், "வேற ஏற்பாடு ஏதும் இருந்தா சொல்லிடுங்கம்மா, எனக்கு வருத்தமில்ல, அந்த முகூர்த்தத்துக்கு இன்னொருத்தர் கேட்டுட்டு இருக்காங்க" என்று, உண்மையிலேயே யாராவது கேட்டிருந்தால், சொல்லுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஐப்பசி முதல் தேதியிலிருந்து புது விதி. அதற்குள் கார்பன் வைத்து எழுதுகிற ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பித் தரும் விதியை ஒவ்வொரு தாளின் கீழேயும் நாலு வரியில் ரப்பர் ஸ்டாம்ப் அடித்துவிடுங்கள். கொடுக்கும்போது அந்த நாலு வரியையும் நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா